முதல் விருப்பமும் அதற்குக் கீழே உள்ளவையும்

வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரம் தயாராகும் நாட்களை ஒட்டித்தான் பிளஸ் டூ தேர்வு முடிவும் வருகிறது. அடுத்த இரண்டு மாதம் பிள்ளையார்பாளையத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் டீக்கடைப் பேச்சு ஒன்றுதான்: “உங்க பொண்ணு கட்-ஆஃப் எவ்ளோ?” பதில் சொல்லும் அப்பாவுக்கு அந்த எண் எந்த இடத்தை வாங்கித் தரும், எதை வாங்கித் தராது என்பது பெரும்பாலும் தெரியாது. பிள்ளைக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

போட்டி மிகுந்த கல்லூரிகளில் இடம் தேடும் பதினேழு வயதுப் பிள்ளையை எவ்வளவு ஆசைப்படச் சொல்லலாம்? இதற்கு நம்மிடம் ஆயத்தமாக இரண்டு பதில்கள் இருக்கின்றன. மேடையில் கேட்பது, ‘உழைத்தால் முடியாதது இல்லை.’ திண்ணையில் கேட்பது, ‘விரலுக்கேற்ற வீக்கம் போதும்.’ முதலாவதை நம்பிய பிள்ளை இடம் கிடைக்காதபோது தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறது. இரண்டாவதை நம்பிய பிள்ளை கிடைக்கக்கூடிய இடத்துக்குக்கூட விண்ணப்பம் போடுவதில்லை.

இரண்டுமே தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தமிழ்நாட்டின் கலந்தாய்வு முறையில் ஆசைப்படுவதற்கு அபராதம் கிடையாது. ஆசைக்குக் கீழே வேறு என்னென்ன இருக்கின்றன என்பதைப் பிள்ளையும் வீடும் சேர்ந்து முன்கூட்டியே எழுதிவைக்காததால்தான் அடி விழுகிறது.

வாசலில் யார் நிற்கிறார்கள்

கல்விக்கூடத்துக்குள் யார் நுழையலாம் என்பது இந்த ஊருக்குப் பழைய கேள்வி. பல்லவர் காலத்துக் காஞ்சியின் கடிகை என்னும் கல்விக்கூடத்தில் படிக்க, இன்றைய கர்நாடகப் பகுதியிலிருந்து மயூரசர்மன் தன் குருவோடு வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரனோடு சண்டை மூள, மயூரசர்மன் ஏட்டை வைத்துவிட்டு வாளை எடுத்தான். அவனால் கதம்ப அரசு உருவானது. அன்று அந்த வாசலைத் திறந்தது பிறப்பு.

பிறப்பு அடைத்த வாசலைத் திறக்கும் முயற்சியும் இந்த மண்ணில்தான் வழக்காகி டெல்லி வரை போனது. சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து, மருத்துவப் படிப்புக்காகச் செண்பகம் துரைராஜனும் பொறியியல் படிப்புக்காகச் சீனிவாசனும் தொடுத்த வழக்கில், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அடுத்த இரண்டே மாதத்தில், இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்டு, அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது.

அதன்பின் அளவுகோல் பலமுறை மாறியது. 1984-இல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அதை நீக்கும் சட்டம் 2006-இல் நிறைவேறி, 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே பொறியியல் சேர்க்கைக்கு அடிப்படையானது. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல் முதலான படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையத்தில் நடக்கிறது. மாமாவோ சித்தப்பாவோ ‘எங்க காலத்துல’ என்று தொடங்கும் அறிவுரை பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒரு மாற்றத்துக்கு முந்தையது.

மதிப்பெண் ஏறும் இறங்கும், தரவரிசைதான் பேசும்

பொறியியல் கட்-ஆஃப் கணக்கு எளிது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பதுக்கு ஐம்பது; மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்த பெண்ணுக்கு 92, 42, 44 சேர்ந்து 178. இதுவரை எல்லா வீட்டிலும் சரியாகச் செய்கிறார்கள். அடுத்த படியில் தடுமாறுகிறார்கள்: போன வருடம் 178-க்கு அந்தக் கல்லூரி கிடைத்தது, எனவே நமக்கும் கிடைக்கும்.

அது அப்படி நடப்பதில்லை. பொறியியல் தரவரிசையில் 200-க்கு 200 பெற்றவர்கள் 2023-இல் 102 பேர், 2024-இல் 65 பேர், 2025-இல் 144 பேர். கேள்வித்தாள் கொஞ்சம் எளிதாக இருந்தால் உச்சியிலேயே கூட்டம் இரட்டிப்பாகிறது. 2021-இல் கொரோனாவால் பொதுத் தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண்களை 50, 20, 30 என்ற விகிதத்தில் சேர்த்து மதிப்பெண் வழங்கினார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபை வேறெந்த ஆண்டோடும் ஒப்பிட முடியாது.

நீட் இன்னும் பெரிய பாடம். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்கள் பலர். 600 எடுத்தவருக்கு முன்னால் பல பத்தாயிரம் பேர் நின்றார்கள். 2025-இல் வினாத்தாள் கடினம். நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686. 600-ஐத் தாண்டியவர்கள் மொத்தம் 1,400 பேர்கூட இல்லை. முந்தைய ஆண்டில் ‘போதாது’ என்று அழவைத்த 600, மறு ஆண்டில் பெரும்பாலான கல்லூரிகளின் கதவைத் திறந்திருக்கும்.

ஆகவே வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மார்க் என்பதைவிட, எத்தனையாவது இடம் என்பது. பொதுத் தரவரிசை ஒன்று, இனவாரித் தரவரிசை ஒன்று என இரண்டு எண்கள் கைக்கு வரும். கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவில், தம் பிரிவினருக்கு, கடைசி இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று பார்த்தால் ஊகம் ஓரளவு நிலைபெறும். இடங்களின் எண்ணிக்கையும் மாணவர் எண்ணிக்கையும் மாறுவதால் அதுவும் உத்தரவாதமில்லை. ஆனால் மதிப்பெண்ணைவிட நம்பகமானது.

பெரிய தேர்வுகளின் கணக்கு

அகில இந்தியத் தேர்வுகளில் எண்களை மறைக்காமல் பிள்ளைக்குக் காட்டிவிடுவது நல்லது. 2025-இல் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல், நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ‘தகுதி பெற்றார்’ என்று செய்தி வருவோர் பன்னிரண்டு லட்சம் பேர். அதற்கும் சீட்டுக்கும் பெரிய இடைவெளி. ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அதே ஆண்டு எழுதியவர்கள் 1.8 லட்சம் பேர்; 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இடங்கள் சுமார் 18 ஆயிரம். அந்த 1.8 லட்சமும் ஏற்கெனவே ஜே.இ.இ. மெயினில் வடிகட்டப்பட்டவர்கள்.

இந்த எண்களைச் சொல்வது மனத்தைக் குலைப்பதாகாது. பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைக்காத ஒன்று தனக்கும் கிடைக்காமல் போனால், அது தன் தகுதி பற்றிய தீர்ப்பு ஆகாது என்பதைப் பிள்ளை தேர்வுக்கு முன்பே தெரிந்துகொள்ளும். பின்னால் சொன்னால் அதே வாக்கியம் ஆறுதலாகத்தான் காதில் விழும். ஆறுதலை இந்த வயதுப் பிள்ளைகள் நம்புவதில்லை.

ஊரிலிருந்து பார்த்தால்

காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு என்ன எட்டும் என்பதில் உள்ளூர்ச் சிக்கல்கள் சில உண்டு. ஊர்ப் பெயரைத் தாங்கிய மத்திய அரசுக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சிபுரம் 2007-இல் தொடங்கப்பட்டது. ஆனால் அது இருப்பது வண்டலூர் அருகே மேலக்கோட்டையூரில். 2019 மாவட்டப் பிரிவினைக்குப் பின் அது செங்கல்பட்டு மாவட்டம். அதில் சேர ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். பிளஸ் டூ கட்-ஆஃப் உதவாது. பிரிவினையில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கம் போய்விட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கென்று அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. ஊரை ஒட்டிப் பொன்னேரிக்கரையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அது பலர் விருப்பப் பட்டியலில் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு வெகு கீழே, சிலர் பட்டியலில் இல்லாமலே போகிறது. 1947 முதல் இயங்கும் பச்சையப்பன் ஆடவர் கல்லூரியும் ஊரிலேயே உண்டு.

7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் இந்த ஊருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது அதன் அடிப்படை நிபந்தனை. காஞ்சிபுரத்தின் பெயர்பெற்ற பழைய பள்ளிகளான பச்சையப்பனும் ஆண்டர்சனும் அரசு உதவி பெறும் பள்ளிகள். அங்கே படித்த நெசவாளி பிள்ளை எவ்வளவு ஏழையாக இருந்தாலும் இந்த ஒதுக்கீட்டுக்குள் வராது. ஆறாம் வகுப்பில் எடுத்த ஒரு முடிவு ஏழு வருடம் கழித்து இப்படி வந்து நிற்கும் என்று எந்தப் பெற்றோருக்கும் யாரும் சொல்வதில்லை. அதே சமயம் மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளை ‘நமக்கெல்லாம் எங்கே’ என்று ஒதுங்குவது அதைவிடப் பெரிய இழப்பு. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கட்-ஆஃப் உண்டு. அது எந்த அட்டவணையிலும் வராது. சென்னை சுமார் 75 கிலோமீட்டர். ‘காலேஜ் பஸ் வந்து போற தூரம்தான்’ என்று வீடு மனதுக்குள் ஒரு வட்டம் போட்டிருக்கும். அதை மகளிடம் சொல்லியிருக்காது. அவள் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியையும் காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியையும் கனவில் வைத்துப் படித்திருப்பாள். கலந்தாய்வு அன்று அந்த வட்டம் வெளியே வரும்போது, குறைந்தது அவள் மதிப்பெண் அல்ல. விடுதி வேண்டாம் என்பது வீட்டின் முடிவானால் அதைப் பிளஸ் ஒன்னிலேயே வாய்விட்டுச் சொல்லி, அவளை வாதாட விட வேண்டும். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் நீண்டது. வாதத்தில் அந்தப் பணமும் அவள் பக்கம் நிற்கும்.

தறியிலிருந்து எழுந்த ஆசை

பெற்றோரின் எதிர்பார்ப்பைக் குறை சொல்லிக் கடந்துபோவது சுலபம். இங்கே அதற்கு வேர் இருக்கிறது. 1990-களில் காஞ்சிபுரத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் தறியில் இருந்தார்கள். முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை, கடன் அடையும் வரை அடுத்தவர் தறியில் வேலை செய்தது. மாவட்ட நிர்வாகமும் யுனிசெஃபும் அவர்களைப் பள்ளிக்குத் திருப்பும் வேலையில் இறங்கின. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இந்த ஊர் இடம்பெற்றது. அன்று தறியில் இருந்தவர்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்கள் பிள்ளைகள்தான் இப்போது பிளஸ் டூ.

அந்த அப்பா பேசும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“பத்து வயசுல குழியில கால விட்டவன்டா நான். நீ அந்தக் குழிக்குள்ள எறங்கக் கூடாது.”

“இன்ஜினியரிங் கெடைக்கலன்னா?”

“அந்தப் பேச்சே வேணாம்.”

அன்பில்தான் சொல்கிறார். மகன் காதில் விழுவது வேறு: ஒன்று பெரிய கல்லூரி, இல்லாவிட்டால் குழித்தறி. இடையில் இருக்கும் நூறு வழிகளும் அந்த மூன்றாவது வரியில் மூடிக்கொள்கின்றன.

இத்தனைக்கும் கணக்குப் பார்ப்பது நெசவாளி வீட்டுக்குப் புதிதில்லை. பட்டு எத்தனை கிராம், ஜரிகை எத்தனை கிராம், கூலி என்ன, எத்தனை நாளில் இறங்கும், முகூர்த்தத்துக்குள் கைக்கு வருமா என்று பார்க்காமல் யாரும் பாவு ஏற்றுவதில்லை. மகன் படிப்பில் மட்டும் அந்தக் கணக்கைக் கையில் எடுக்கத் தயங்குகிறார்கள். கணக்குப் பார்த்தால் பிள்ளையை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்ற அச்சம்.

பட்டியலின் விதி

பொறியியல் கலந்தாய்வில் தரவரிசைப்படி மாணவர்களைச் சுற்றுகளாகப் பிரிக்கிறார்கள். தங்கள் சுற்றில், கல்லூரியும் பாடப்பிரிவுமாக எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் வரிசையாகப் பதியலாம். ஒரு மாணவியின் முறை வரும்போது கணினி அவள் பட்டியலை மேலிருந்து பார்க்கிறது; அவள் தரவரிசைக்கு முதலில் கிடைக்கும் இடத்தை ஒதுக்குகிறது. முதலில் கிண்டி கணினி அறிவியலை எழுதியதால், பதினைந்தாவதாக எழுதிய இடம் பறிபோகாது. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பம் காலியானால் அதற்கு நகரவும் வழி இருக்கிறது.

எல்லா நாட்டிலும் இப்படியில்லை. சீனாவின் பழைய முறையில் முதல் விருப்பத்தில் இடம் தவறினால், இரண்டாவதாக எழுதிய பல்கலைக்கழகம் தன்னை முதலில் எழுதியவர்களாலேயே நிரம்பியிருக்கும், ஆசைப்பட்டதற்கே தண்டனை. அதனால்தான் அங்கே மாகாணங்கள் ஒவ்வொன்றாக அம்முறையைக் கைவிட்டன. பிரிட்டனில் ஐந்து விண்ணப்பங்கள் போட்டு, வந்த அழைப்புகளில் ஒன்றை உறுதியாகவும் இன்னொன்றைக் காப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஒன்று இருக்க வேண்டும் என்பதை அங்கே விண்ணப்ப முறையே சொல்லிவிடுகிறது. நம் முறை அதைவிடத் தாராளமானது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் ஏழெட்டுப் பெயர்களோடு பட்டியலை முடித்துவிட்டு, அந்தச் சுற்றில் எதுவும் ஒதுக்கப்படாமல் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

எனவே பட்டியலை மூன்று அடுக்காக எழுதலாம். மேலே, தரவரிசைக்கு எட்டாது என்று தெரிந்தும் விரும்புபவை. நடுவில், கடந்த ஆண்டுகளின் கடைசித் தரவரிசை தம் எண்ணுக்கு முன்னும் பின்னுமாக இருப்பவை. கீழே, கட்டாயம் கிடைக்கும் என்பவை. இந்தக் கீழடுக்குக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நேரில் போய்ப் பார்க்க வேண்டியதும், சீனியர்களிடம் விசாரிக்க வேண்டியதும், ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா என்று கேட்க வேண்டியதும் இந்தக் கல்லூரிகளைப் பற்றித்தான். கிண்டியைப் பற்றி விசாரிக்க என்ன இருக்கிறது? 1794-லிருந்து இருக்கிறது.

கீழடுக்கில் வைப்பதற்கான நிபந்தனை ஒன்றே: கிடைத்தால் சேர்வோம் என்று பிள்ளை மனமார ஒப்புக்கொள்ளும் இடமாக இருக்க வேண்டும். கல்லூரியா, பாடப்பிரிவா என்ற இழுபறியும் இங்கே தீர வேண்டும். ஒரே கல்லூரியில் கணினி அறிவியல் முடியும் தரவரிசைக்கும் இயந்திரவியல் முடியும் தரவரிசைக்கும் பெரும் வித்தியாசம் இருக்கும். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் அரைமணி, முக்கால்மணித் தொலைவில் இருக்கும் ஊரில் இயந்திரவியலை இளக்காரமாகப் பார்க்கக் காரணமில்லை.

பட்டியலுக்கு வெளியேயும் வழிகள் உண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஜே.இ.இ. இல்லாமல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பு இருக்கிறது. சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், வீட்டுத் தொழிலை நெய்யும் இடத்திலிருந்து பார்க்காமல் வடிவமைக்கும் இடத்திலிருந்து பார்க்கக் கற்றுத்தருகிறது. அப்பாவின் கோபத்துக்குப் பயந்து பலர் அதைக் கேட்பதே இல்லை.

பெயருக்கு மதிப்பு உண்டா

‘எந்தக் காலேஜா இருந்தா என்ன, படிக்கிற புள்ள எங்கேயும் படிக்கும்’ என்பது பாதி உண்மை. அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்களின் பிற்கால வருமானம், அங்கேயே படித்தவர்களுடையதை ஒட்டியே இருந்தது என்றது. ஆறுதல் சொல்வோர் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி பலன் தந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அறிமுகங்களும் வழிகாட்டலும் வீட்டில் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரிதான் அவற்றைத் தர வேண்டியிருக்கிறது. கரோலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோபர் ஏவரியும் 2013-இல் காட்டியது இன்னும் கூர்மையானது: நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை.

ஆக, முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கப் போகும் காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு, நடைமுறை அறிவு என்ற பெயரில் ஆசையைக் குறைக்கச் சொல்வது பல நேரம் தவறான ஆலோசனை. அதன் பட்டியலில் மேலடுக்கும் நீள வேண்டும், கீழடுக்கும் நீள வேண்டும்.

இன்னொரு வருடம்

மருத்துவ ஆசையில் ஓராண்டு, ஈராண்டு காத்திருப்பது இன்று சாதாரணம். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 2016-17-இல் சுமார் 12 சதவீதம். 2020-21-இல் 71 சதவீதம். ரிப்பீட்டர் பேட்ச் வசதியுள்ள வீட்டுக்குத் தாங்கும். தறிக்கூலி வீட்டில் அது கடன். காத்திருப்பதானால் மூன்று கேள்விகளுக்கு முதலிலேயே பதில் வேண்டும்: பணம் எங்கிருந்து, எத்தனை முறை, கிடைக்காவிட்டால் எந்தப் படிப்பு. நீட்டுக்கு முயற்சி வரம்பு இல்லை. ஆதலால் வரம்பை வீடுதான் வைக்க வேண்டும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் மட்டும்.

ஒரு வருடம் தள்ளிப்போவதே தோல்வி என்ற எண்ணமும் வேண்டாம். இந்த ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, வீட்டு நிலைமைக்காகப் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டுத்தான் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார்.

எப்போது பேசுவது

பிளஸ் ஒன் அரையாண்டு விடுமுறை நல்ல நேரம். மதிப்பெண் எப்படி வருகிறது என்று ஓரளவு தெரியும். மாற்ற அவகாசமும் இருக்கும். பிள்ளையையே தாளில் எழுதச் சொல்லலாம். கட்டணம் எவ்வளவு தாங்கும், விடுதி உண்டா இல்லையா என்பதைப் பெற்றோர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘சீட் வாங்கித் தர்றேன்’ என்று வரும் தரகரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்கும் வீடுகள் பெரும்பாலும் இந்தப் பேச்சை நடத்தாத வீடுகள்தான்.

முடிவு வந்த வாரத்தில் புதிதாக எதையும் முடிவெடுக்க வேண்டாம். மறுகூட்டல், மறுமதிப்பீடு, துணைத் தேர்வு ஆகியவற்றுக்குத் தேதிகள் இருக்கின்றன; அவற்றைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். உறவினர் முன் எண்ணை ஒப்பிப்பதிலிருந்து பிள்ளைக்கு விலக்கு கொடுக்கலாம். சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால் அதை ‘சரியாயிடும்’ என்று விடக் கூடாது. 104, 14416 என்ற உதவி எண்களில் எந்நேரமும் பேசலாம்.

பள்ளிகளும் இதில் தப்பிக்க முடியாது. கல்லூரிவாரியான முந்தைய ஆண்டு விவரங்கள் இணையத்தில் இருக்கின்றன. நெசவாளி வீட்டில் அவற்றைத் திறந்து படிக்கக் கற்றுத்தர ஆள் இல்லை. பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு சனிக்கிழமை, பெற்றோரையும் உட்காரவைத்து, மாதிரித் தரவரிசை ஒன்றைக் கொடுத்து நாற்பது விருப்பங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் போதும். கிண்டியை முதலில் எழுதட்டும். நாற்பதாவது இடத்தில் இருக்கும் கல்லூரியைப் பற்றியும் அந்தப் பெண்ணால் இரண்டு நிமிடம் பேச முடிந்தால், அவள் எதிர்பார்ப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது.